ஜனவரியில் பார்லி டீ

2018 ஜனவரி 15, திங்கட்கிழமை. ஜப்பானின் யோனெசாவா நகரில் எரிக்கும் குப்பை எடுக்கிற நாள்.

"தொகாஷி சான், கொஞ்சம் நில்லுங்க. இந்தப் பை உங்களுதுதானே?"

உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைமேல் தொகாஷியின் பெயர் எழுதியிருந்தது. பெயரில்லாத பையை அந்தத் தெருவில் எடுக்க மாட்டார்கள். குப்பைக் கூண்டின் முன்னால் பனி தள்ளும் மண்வெட்டியோடு நின்றிருந்தவர் நாகுமோ அம்மாள், தெருச் சங்கத்தின் தலைவி.

"ஆமா, தலைவரம்மா."

"தண்ணி ஒழுகி ரோட்டுல உறைஞ்சு கெடக்கு. நான் வழுக்கி விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? உள்ள என்ன, பார்லிச் சக்கையா?"

முந்தின நாள்தான் தொகாஷி வாழ்க்கையில் முதல் முறையாக வீட்டில் பீர் காய்ச்சியிருந்தான். முளைகட்டிய பார்லியான மால்ட்டும் ஈஸ்ட்டும் கடையில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதை வைத்து ஒரு சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள எதை வீட்டில் செய்தாலும் ஜப்பானியச் சட்டப்படி குற்றம். அவனோ நகராட்சி வரிப்பிரிவில் எழுத்தர். மாட்டினால் வேலை போகும்.

"சக்கையேதான். பார்லி டீ போட்டோம்."

"ஜனவரியில யாரு பார்லி டீ குடிக்கிறா? அது வெயில் காலத்துல ஜில்லுனு குடிக்கிறதாச்சே."

"நாங்க சூடா குடிப்போம்."

"ரெண்டே பேருக்கு இத்தனை சக்கையா? குடிக்கிறீங்களா, அதுல குளிக்கிறீங்களா?"

தொகாஷி சிரித்துவைத்தான். அம்மாள் சிரிக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "தண்ணி எவ்வளவு சூடு? கொதிக்கக் கொதிக்கவா ஊத்துவீங்க?" என்றார்.

அந்த இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் படித்துச் சேர்த்த விஷயத்தை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. மனைவி சனாயேகூட, "வீடெல்லாம் கஞ்சி வாடை" என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, கொதிக்கவே கூடாது! அறுபத்தஞ்சு டிகிரி. ஒரு மணி நேரம் அப்படியே மூடி வெக்கணும். சூடு ஏறிச்சுன்னா துவர்க்கும், இனிப்பும் இறங்காது."

"அறுபத்தஞ்சு. ஒரு மணி நேரம்," என்றார் அம்மாள் மெதுவாக. "அப்புறம்?"

"வடிகட்டின தண்ணியை மட்டும் கொதிக்க விட்டு, பானையோட பனியில புதைச்சு, சட்டுனு ஆற வெச்சு..."

"சூடா குடிப்போம்னீங்களே?"

"ஆபீசுக்கு நேரமாச்சு, தலைவரம்மா."

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் சனாயே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"அவங்க வீட்டுக்காரர் யாருன்னு தெரியும்ல? வரித்துறையில மது வரி அதிகாரியா இருந்து ரிட்டையர் ஆனவர். திருட்டுத்தனமா காய்ச்சறவங்களைப் பிடிக்கிறதுதான் அவர் வேலையே. அந்த வீட்டம்மாகிட்டப் போய் டிகிரிக் கணக்கு ஒப்பிச்சிருக்கியே!"

"அவங்க சும்மா கேட்டாங்க."

"சும்மா கேக்கறவங்க 'அப்புறம்'னு கேக்க மாட்டாங்க."

அலமாரிக்குள், பீர் புளித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் வாளி குளுக் குளுக்கென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கொட்ட மனம் வரவில்லை. சத்தம் வெளியே கேட்காமலிருக்க அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தினான்.

அடுத்த திங்கட்கிழமை அவன் பையில் முட்டை ஓடும் வெங்காயத் தோலும்தான் இருந்தன. அம்மாள் தூக்கிப் பார்த்தார்.

"இந்த வாரம் டீ இல்லையா?"

"இல்லை. விட்டுட்டோம்."

"அப்போ போன வாரம் போட்டது இன்னும் இருக்கா? எங்க வெச்சிருக்கீங்க? இந்தக் குளிர்ல அது நின்னுடாதா?"

"எது நின்னுடும், தலைவரம்மா?"

"அதுதான்." அம்மாள் தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சர்க்கரை எப்போ போடுவீங்க?"

"போட மாட்டோம். நாங்க எதுவுமே போட மாட்டோம்!"

பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை போடுவது பீருக்குத்தான்; அம்மாள் கண்டுபிடித்துவிட்டார் என்பதில் இனி அவனுக்குச் சந்தேகமே இல்லை. அன்று வேலை முடிந்து வந்ததும் வாளியைக் குளியலறைக்குத் தூக்கிப் போனான். கொட்டுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். இன்னும் கலங்கல்தான், ஆனால் பீர். சனாயேயும் ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு அவளே குழாயைத் திறந்துவிட்டாள். வாளி காலியாகும்வரை தொகாஷி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் அழைப்பு மணி அடித்தது. நாகுமோ அம்மாள். கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினார்.

"சோதனை போடணும்னா போட்டுக்குங்க, தலைவரம்மா," என்றான் தொகாஷி. "வீட்டுல ஒண்ணுமே இல்லை."

"என்ன சோதனை? மெதுவாப் பேசுங்க, தெருவுக்குக் கேக்கும்." துணியை அவிழ்த்தார். உள்ளே பழுப்பு நிறப் பாட்டில். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்றது. "குடிச்சுப் பாருங்க."

குடித்தான். பீர்தான். நல்ல பீர்.

"சாமானெல்லாம் வாங்கி ஒரு வருஷமாச்சு. ரெண்டு தடவை கொதிக்கக் கொதிக்க ஊத்திக் கெடுத்துட்டேன். இது நீங்க சொன்ன அறுபத்தஞ்சு டிகிரியில போட்டது. எங்க வீட்டுக்காரர் பார்த்த உத்தியோகத்துக்கு நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது? உங்க பையில சக்கையைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்துச்சு." அம்மாள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "நுரைதான் நிக்க மாட்டேங்குது. நீங்க அதுக்கு என்ன பண்றீங்க?"

தெரியாது என்றான் தொகாஷி. நுரை வரும் கட்டம்வரை அவன் போனதே இல்லை.