சருகுமான் உதைத்த நாய்

"நல்லா இருக்கிற பிள்ளைய நாயாக்கிட்டீங்களே, இது உங்களுக்கே நியாயமா இருக்கா?"

ஆசிரியர் அறை வாசலில் புஷ்பவள்ளி நின்ற நிலையைப் பார்த்ததும், மதிவாணன் தாம் ஒட்டிக்கொண்டிருந்த அட்டைக் கிரீடத்தை மெல்ல மேசைக்கடியில் தள்ளினார். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுப்பவர் அவர். எந்தப் பெற்றோர் சண்டைக்கு வந்தாலும் இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவிடுவார். ஹேமநாதனின் அம்மாவிடம் மட்டும் அவருடைய ஜம்பம் பலித்ததே இல்லை.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை மூவார் நகரில் வட்டார வரலாற்று நாடகப் போட்டி. இவர் பள்ளியின் நாடகம், மலாக்கா பிறந்த கதை. ராஜா பரமேஸ்வரா ஆற்றங்கரை மரத்தடியில் களைப்பாறுகிறார். அவருடைய வேட்டை நாயைப் பொடிசாக ஒரு சருகுமான் எட்டி உதைத்து ஆற்றில் தள்ளுகிறது. 'இந்த மண்ணில் மானுக்கே இவ்வளவு வீரமா!' என்று அசந்துபோய் ராஜா அங்கேயே ஊரை அமைக்கிறார். அந்த நாய்தான் ஹேமநாதன்.

நாய் இல்லாவிட்டால் மலாக்காவே இல்லை என்று மதிவாணன் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் ராஜா வேஷம் கொடுங்கள் என்றார் புஷ்பவள்ளி. அதைப் பள்ளி வாரியத் தலைவரின் பேரன் எப்போதோ தட்டிக்கொண்டு போயிருந்தான். மெத்தை போட்டிருக்கிறோம், விழுந்தால் வலிக்காது என்றார் மதிவாணன்.

"வலியப் பத்தி யாரு பேசுனா? உதைக்கிற மான் யாரு? அவங்க மகதானே? அவங்க உட்கார்ந்து பார்க்க, என் பிள்ளை உதை வாங்கணுமா? ஊரே ஃபோன்ல பிடிக்கும்லா!"

மானாக நடிப்பவள் லோஷினி. அவள் அம்மா, புஷ்பவள்ளிக்கு நாத்தனார். போன தீபாவளிக்கு இவர் கைவலிக்கப் பிழிந்து கொடுத்த முறுக்கை அந்த அம்மாள் ஒரு கடி கடித்துவிட்டு, 'எந்தக் கடையில வாங்குனது?' என்று கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. கோயிலில் எதிரெதிரே வந்தால்கூட இருவரும் சாமியை மட்டும்தான் பார்ப்பார்கள்.

"நான் முன்வரிசையிலதான் இருப்பேன். அவ கால் என் பிள்ளை மேல பட்டுச்சு, மேடையேறித் தூக்கிட்டு வந்துருவேன். அப்புறம் உங்க மலாக்காவ நீங்களே கட்டிக்குங்க."

சொன்னால் செய்கிறவர்தான். தலைமையாசிரியை நிர்மலாதேவியே மதிவாணனைத் தேடி வந்தார். வேறு பையனை நாயாகப் போட்டுவிடுங்கள், அவசரத்துக்கு லோஷினியையாவது மாற்றுங்கள் என்று கெஞ்சாத குறை. மதிவாணன் எதற்கும் அசையவில்லை. ஹேமநாதன்தான் நாய், லோஷினிதான் மான் என்று ஒற்றைக்காலில் நின்றார். சாதுவான மனிதருக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. புஷ்பவள்ளி முன்வரிசையில் இந்தக் கோடி, நாத்தனார் அந்தக் கோடி. திரை ஓரத்தில் நின்ற மதிவாணனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

ராஜா கொட்டாவி விட்டார். நாய் குரைத்தது. காகிதக் காது ஆட, மான் துள்ளி வந்து ஓங்கி ஓர் உதை விட்டது. நாய் உருண்டு நீலத் துணி ஆற்றில் விழுந்தது. புஷ்பவள்ளி விருட்டென்று எழுந்து மேடைப் படியில் கால் வைத்துவிட்டார். செத்தோம் என்று நினைத்தார் மதிவாணன்.

அதற்குள் மான் ஓடிவந்து ஆற்றங்கரையில் குனிந்தது. நாயின் முதுகை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. யார் மேலாவது கால் பட்டுவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை தன்னால் போகுமே, அப்படி.

"பரவால்ல லோஷினி" என்றது நாய், ஆற்றில் படுத்தபடி.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ராஜாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. விழித்துப் பார்த்துவிட்டு, "வீரமும் இருக்கு, மரியாதையும் இருக்கு. இங்கேயே தங்கிடுவோம்" என்று சமாளித்தான். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

படியில் வைத்த காலைப் புஷ்பவள்ளி எடுத்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அந்தக் கோடிக்குப் போய், "பிள்ளைய நல்லா வளர்த்திருக்கீங்க, அண்ணி" என்றார். அந்த அம்மாள் தம் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைக் காலி செய்தார்.

கோப்பை பத்து பாகாட் ஊர்ப் பள்ளிக்குப் போனது. இவர்களுக்கு ஆறுதல் பரிசு. வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் சதாசிவம், மதிவாணனைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார். வரலாற்றில் எந்த மானும் மன்னிப்புக் கேட்டதாக இல்லை, அந்த ஓர் இடத்தில்தான் புள்ளிகளைக் குறைக்க வேண்டியதாயிற்று என்றார்.

"ஒத்திகையில நீங்க கவனிக்கலையா, சார்?"

"கவனிச்சேன் சார். உதைக்கிறப்பல்லாம் அந்தப் பொண்ணு தொட்டுக் கும்பிட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."

"அப்ப திருத்தியிருக்கலாமே. முதல் பரிசு உங்களுக்குத்தான்."

மதிவாணன் மண்டபத்து மூலையைப் பார்த்தார். இரண்டு பெண்களும் ஒரே கறிபாப் பலகாரத்தைப் பிட்டுத் தின்றபடி, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கோப்பைய அடுத்த வருஷம் வாங்கிக்கலாம் சார். என் பொண்டாட்டியும் எங்க அக்காவும் தீபாவளிக்கப்புறம் இன்னைக்குத்தான் பேசுறாங்க."