எழுத்துக் கூட்டத் தெரியாதவள்

காடாம்புலியூரை அடுத்த நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஜோதி மேரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆசிரியை பிரிசில்லா ஓராண்டாகக் கற்பித்தும் பயனில்லை. 'மரம்' என்பதைக்கூட அவள் திக்கித் திணறியே படித்தாள். "இவளுக்கு எழுத்தே ஏறல" என்று தாய் சவரிமேரியிடமும் ஆசிரியை பலமுறை வருந்திச் சொன்னார்.

ஆண்டிறுதியில் பிரிசில்லா நீட்டிய மாற்றுச் சான்றிதழை ஜோதி தயங்கித் தயங்கி வாங்கினாள்.

"பயப்படாத ஜோதி. எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போட மாட்டாங்க."

அவள் தாளைப் பார்த்தாள். "'மேல் வகுப்பிற்கு உயர்வு பெறத் தகுதியுடையவர்'னு போட்டுட்டீங்களா டீச்சர்?" என்று தடங்கலின்றிப் படித்துவிட்டு அழலானாள்.

"அடிப்பாவி! ஒனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். ஃபெயிலானா இன்னொரு வருஷம் இங்கியே வெச்சிப்பீங்கன்னு நெனைச்சேன். எட்டாவது முடிஞ்சா முந்திரிக்கொட்ட ஒடைக்கப் போவணும்னு அம்மா சொல்லிட்டாங்க."

பிரிசில்லா அவளை இழுத்துக்கொண்டு வாயிலுக்கு விரைந்தார். கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களோடு சவரிமேரி அங்கே காத்திருந்தாள்.

"ஏம்மா, இவள ஹைஸ்கூல்ல சேத்துடு. நல்லாப் படிக்கிறா! ஜோதி, அம்மாவுக்குப் படிச்சிக் காட்டு."

ஜோதி விம்மலினூடே சான்றிதழ் முழுவதையும் பிழையறப் படித்தாள்.

சவரிமேரி தாளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு வருஷமா 'ஏறல, ஏறல'ன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப இவ படிக்கிறாளா, இல்லாதத கட்டி வுடுறாளான்னு எழுத்தே தெரியாத எனக்கு எப்புடித் தெரியும் டீச்சர்?"