பிறவி எஞ்சின்

தகரக் கூரையையே அதிரவைக்கும் அந்த உறுமல் சிவப்புக் காரின் காதில் இன்னும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தபோது அதனுள் இருந்த எஞ்சினின் குரல் அது. அந்த எஞ்சின் வெடித்துப் போனபின், பழைய வேன் ஒன்றின் எஞ்சினைப் பொருத்தினார்கள். மலையோ மழையோ, இத்தனை வருஷமும் காரை இழுத்தது அதுதான்.

ஒருநாள் காரை விலைபேச வந்தவரின் டார்ச் விளக்கு உள்ளே எட்டிப் பார்த்தது. கூடவே பிறந்த எஞ்சின் இருந்தால்தான் இந்த மாதிரிக் கார்களுக்கு மதிப்பு. அதற்காக எஞ்சினில் பொறித்த எண்ணைத் தேடியது.

"அக்கா, என் நம்பரை எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருக்கு. நீங்க மட்டும் வாயைத் திறக்காதீங்க. நான் இங்கேயே இருந்துடறேன்" என்று எஞ்சின் கெஞ்சியது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்களா?" என்று கேட்டது டார்ச்.

காருக்குப் பொறுக்கவில்லை. "இதுவா? காய்கறி மூட்டை சுமந்த வேனோட எஞ்சின்! என்னோடது இருமினாலே ஊர் திரும்பிப் பார்க்கும்."

"அது எங்கே?"

"வரும்" என்றது கார்.

வந்தவர் வாங்காமல் போய்விட்டார். அசல் எஞ்சினைத் தேடிப் பொருத்துவதற்காக, வேன் எஞ்சினைக் கழற்றி மீன்பிடிப் படகு ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அது தினமும் கடலுக்குப் போய் வருகிறது. அசலையோ பழைய இரும்புக் கடையில் என்றோ உருக்கிவிட்டிருந்தார்கள். கார் கொட்டகையில் நிற்கிறது.