மஞ்சள் கோடு

மகன் கல்யாணத்தன்று உடுத்தும் கில்ட் என்ற ஆண்கள் பாவாடைக்காகக் குடும்பத்தின் டார்ட்டன் துணியை நெய்து தரச் சொல்லி இஷ்பெல் என் தறிக்கூடத்துக்கு வந்தாள். பச்சையும் நீலமும் கட்டம் போட்ட துணி. இடையே ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டைச் சேர்த்தது அவளுடைய செத்துப்போன மாமியார்.

"மஞ்சள் மட்டும் வேணாம்ப்பா, ராரி. என் கல்யாணத்துல அத்தை 'நிமிந்து உக்காரு'ன்னு முதுகுல குத்திக்கிட்டே இருந்துச்சு. இதுலயாவது நான் நிம்மதியா உக்காரணும்."

மஞ்சள் நூலைத் தொடாமல்தான் நெய்தேன். தறியிலிருந்து இறக்கியபோது துணியில் மஞ்சள் கோடு இருந்தது.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்று திட்டிவிட்டு, இஷ்பெல்லே ஊசியால் நூல் நூலாக உருவினாள். "போய்ட்டு வாங்க அத்தை" என்று அந்த நூலைக் கணப்பு நெருப்பில் போட்டாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கில்ட்டில் பச்சையும் நீலமும் மட்டும்தான். சர்ச்சின் முன்வரிசையில் இஷ்பெல் சாம்பல் நிறப் புது கவுனில், இஷ்டத்துக்குக் கூன் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் இருந்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை அவள் முதுகில் ஒரு மஞ்சள் கோடு ஓடியது. ஒட்டியதல்ல, நெய்தது.

தாமதமாக வந்த அவள் கணவர் டூகல் என் அருகே நின்று அதைப் பார்த்தார்.

"சொல்லிடலாமா?" என்றேன்.

"கேக் வெட்டட்டும்."

பிறகு அந்தக் கோட்டின் பக்கம் குனிந்து, மெல்ல, "வாங்கம்மா" என்றார்.

இஷ்பெல் விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.