ஒத்தக்கொம்பனின் கடைசிச் சண்டை

சண்டை இரண்டு மணி நேரம் நடந்தது என்றார் சூசைமாணிக்கம்.

செத்துக் கிடந்த யானையைச் சுற்றிக் கன்னிவாடி ஊரே நின்றது. தென்னந்தோப்புக்குள் ஒரு கால் வைக்க இடமில்லை. மரத்தில் ஏறியிருந்தவர்களை எண்ணினால் அன்றைக்குத் தேங்காயைவிட ஆட்கள் அதிகம்.

கிடந்தது ஒத்தக்கொம்பன். இடது தந்தம் மட்டும் உள்ள கிழட்டு யானை.

பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பன்னிரண்டு வருடத்தில் சூசைமாணிக்கம் டீக்கடை பெஞ்சில் நடத்திவைத்த மிருகச் சண்டைகளுக்குக் கணக்கே கிடையாது. அத்தனையிலும் ஜெயித்தது இந்த ஒத்தக்கொம்பன்தான்.

காட்டுமாட்டை ஒரே முட்டில் ஓடைக்கு அக்கரையில் போட்டது. கரடியைத் தென்னை மட்டையால் அடித்து விரட்டியது. புலியை வாலைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி எறிந்ததில் அது எந்த மாவட்டத்தில் விழுந்தது என்று இன்றுவரை தகவல் இல்லை. இந்த மலையில் புலியே கிடையாதே என்று யாராவது கேட்டுவிட்டால், "பின்ன, எப்படி இல்லாமப் போச்சுன்னு நெனச்ச?" என்பார்.

இன்றைக்கு யானைக்கும் யானைக்கும் சண்டை. விடியற்காலையில் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தம்பி மகன் ஊருக்குப் போயிருந்ததால் அவன் தோப்புக்குக் காவல் படுத்திருந்தார்.

கால்நடை மருத்துவர் கௌசல்யா கையுறையோடு குனிந்து காயங்களை அளந்துகொண்டிருந்தார். எப்படிச் செத்தது என்று எழுத வேண்டியவர் அவர். சண்டையில் செத்தது என்று எழுதிவிட்டால் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். மனிதன் கை பட்டிருக்கிறது என்றால் அந்தக் கை யாருடையது என்று வனத்துறை வீடு வீடாகத் தேடும்.

சூசைமாணிக்கம் கேட்பதற்கு முன்பே சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு யானையாகவும் அவரே மாறி மாறி நின்று சொன்னார்.

எதிரி ஓர் இளவட்டம். தென்னைக்குச் சமமான உயரம். இரண்டும் மோதிய மோதலில் குலை குலையாகத் தேங்காய் உதிர்ந்தது. செம்பட்டி முக்கில் நின்ற பஸ்ஸுக்கு முன்கண்ணாடி விரிசல் விட்டது. பிளிறல் கேட்டு வடமதுரையில் கறந்த பால் செம்பிலேயே திரிந்தது.

"ஏண்ணே, வடமதுரைக்குக் கேட்டது அடுத்த தோட்டத்துல படுத்திருந்த எனக்குக் கேக்கலையே," என்றாள் பேச்சாயி. அவள் அந்தத் தோட்டத்தில் சம்பங்கிப் பூ பயிரிட்டிருப்பவள்.

"உன் கொறட்டையத் தாண்டி எதுதான் கேக்கும், ஆத்தா."

கூட்டம் சிரித்தது. மரத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். செல்போன்கள் யானையை விட்டுவிட்டு சூசைமாணிக்கத்தின் பக்கம் திரும்பின.

மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்தார்.

"தோத்த யானை முதுகைக் காட்டிட்டா ஜெயிச்சது விட்டுரும், ஐயா. இதோட பின்பக்கத்துல லேசா ஒரு குத்து இருக்கு. அப்ப, தோத்துத் திரும்பியிருக்கு. ஆனா உயிர் போனது நெஞ்சுல வாங்கின குத்துல. திரும்பிப் போனது ஏன் மறுபடியும் நெஞ்சைக் கொண்டுவந்து குடுத்துச்சு?"

சூசைமாணிக்கத்தின் இரண்டு யானைகளும் நின்றன.

"மலைப் பக்கம் நின்னு யாராவது வெடி போட்டாங்களா?" என்றார் மருத்துவர்.

கன்னிவாடியில் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது. யானைக்கு வெடி போடுகிறவன் ஊர்ப் பக்கம்தான் நிற்க வேண்டும். சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டால்தான் அது மலை ஏறும்.

"அம்புட்டுக் கூறுகெட்டவன் நம்மூர்ல ஏதும்மா," என்றாள் பேச்சாயி.

சூசைமாணிக்கம் யானையைப் பார்த்தார். அதன் கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது. துண்டால் விரட்டினார்.

"ரோஷம்மா," என்றார். "அதுக்கு முதுகு காட்டிப் பழக்கமில்ல. அதான் திரும்பி வந்துச்சு."

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மருத்துவர் சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

பேச்சாயி போய், திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கட்டி வைத்திருந்த சம்பங்கிக் கூடையைத் தூக்கி வந்தாள். அப்படியே யானையின் நெற்றியில் கவிழ்த்தாள்.

"உங்க ஆளு தோக்கலண்ணே," என்றாள்.

அவர் தலையாட்டினார்.

சண்டை நான்கு நிமிடம்கூட நடக்கவில்லை. ஒரு தேங்காய் விழவில்லை. கிழவன் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தது, முடியவில்லை. பின்னால் ஒரு குத்து வாங்கியதும் துதிக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தது. இளவட்டம் நின்ற இடத்திலேயே நின்று அதைப் போகவிட்டது.

சண்டை நன்றாகத் தெரியட்டும் என்று சூசைமாணிக்கம் மலையோரத்து வரப்பில் ஏறி நின்றிருந்தார். யானை நேராக அவரிடமே வந்தது. மாதாவே என்று மடியிலிருந்த வெடியைக் கொளுத்தி எறிந்தார்.

வெடித்ததும் ஒத்தக்கொம்பன் அலறிக்கொண்டு வந்த வழியே ஓடியது. மறுபடியும் சண்டைக்கு வருகிறது என்று இளவட்டம் தலையைத் தாழ்த்தியது.

வெடி விழுந்தபோது ஒத்தக்கொம்பன் காட்டுக்குள் நுழைய இன்னும் பத்தடிதான் இருந்தது.

அந்தப் பத்தடியை மனதுக்குள் நூறடியாக ஆக்கிப் பார்த்தார் சூசைமாணிக்கம். ஆகவில்லை.