மஞ்சள் கொடி இல்லாத வண்டி

கித்தி மூன்றாவது முறையாகத் திரும்பிப் பார்த்தான். மனைவி பிம் பின்னால் வரவில்லை. முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டான்.

நண்பனுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் பொய் சொல்லியிருந்தான். விரதத்துக்கான வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுக் கறுப்புச் சட்டைக்கு மாறியிருந்தான். ஆறு நாளாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அதே நினைப்பு.

பன்றிக்கறி.

பாங்காக்கின் சீனர் பேட்டையில் ஒன்பது நாள் விரதம் நடந்துகொண்டிருந்தது. கறி, மீன், முட்டை, பூண்டு, வெங்காயம் எதுவும் கூடாது. யாவராட் சாலை நெடுகத் தள்ளுவண்டிகளில் விரதத்தின் மஞ்சள் கொடி பறந்தது. சிப்பி ஆம்லெட்காரர் காளான் வதக்கிக்கொண்டிருந்தார். மீன் உருண்டைக்காரி சர்க்கரைவள்ளி பொரித்துக்கொண்டிருந்தாள். வாத்து தொங்கும் கொக்கியில்கூட சோயா வாத்துதான் தொங்கியது. முக்கால் மணி நேரம் சுற்றியதில் கித்திக்கு மிச்சம் கால்வலி.

மாட்டிக்கொண்டால் தொலைந்தான். மாமனார் தியாங், கோயில் விழாக் கமிட்டியின் தலைவர். "ஒம்போது நாளும் சுத்தமா இருந்து காட்டு, பத்தாம் நாள் மருந்துக்கடைச் சாவி உன் கையில" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். அந்தக் கடையில் ஏழு வருடம் மூலிகை வேர் நறுக்கியவன் கித்தி. அவன் தவறினால் சாவி சகலை தோங்குக்கு. போன வருடம் இதே வாய்ப்பைத் தோங் ஓர் இறால் கொழுக்கட்டையில் கோட்டை விட்டிருந்தான்.

கடைசிச் சந்தின் கோடியில் ஒரு வண்டி நின்றது. கொடி இல்லை. மிளகுச் சாறு கொதிக்கும் வாசனை அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஸ்டூலில் உட்காரவைத்தது.

"அக்கா, சுருள் நூடுல்ஸ் சூப் ஒண்ணு," என்றான் ரகசியமாக. "பன்னிக்கறி மொறுமொறுன்னு, நெறயப் போட்டு."

"முகத்துல துணியோட எப்பிடித் திம்ப? கழட்டு மொதல்ல," என்றாள் கடைக்காரி நுய்.

முதல் வாயிலேயே கித்திக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது வாயில்தான் பேச்சு வந்தது. "ஏங்க்கா, மேல பொரிச்ச பூண்டு தூவலையே?"

"தீந்துபோச்சு. வந்ததத் தின்னு."

பக்கத்து ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர் கிண்ணத்தை நீட்டினார். "நுய், இன்னொண்ணு குடும்மா. கறியில கஞ்சத்தனம் பண்ணாத."

காலையில் கோயில் ஒலிபெருக்கியில் மந்திரம் சொன்ன குரல். கித்தியின் கையிலிருந்த நூடுல்ஸ் குச்சி நழுவித் தரையில் விழுந்தது. தொப்பி திரும்பியது.

"மாமா!"

"மெல்லக் கத்துய்யா!" தியாங் தெருமுனையைப் பார்த்தார். "நீ எங்க இங்க?"

"கோயிலுக்கு வழி கேக்க வந்தேன். நீங்க?"

தியாங் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இதோ பாரு மாப்ள. நீ என்னப் பாக்கல. நானும் உன்னப் பாக்கல."

"நான் பாத்துட்டேனே. ரெண்டாவது கிண்ணம் கேட்டதையும் சேத்துப் பாத்துட்டேன்."

"வாயக் குடுக்காத. சாவி தோங்குக்குப் போயிடும்."

"போகட்டும் மாமா. என்னை விட்டுப் போறது ஒரு கடை. உங்களுக்குத் தலைவர் பதவி போகும், ஊர்ல மரியாதை போகும். அப்பறம் வீட்டுல அத்தை வேற இருக்காங்க."

அத்தை என்றதும் தியாங்கின் முகம் சுண்டிப்போனது. இடுப்புக் கொத்திலிருந்து நீளமான பித்தளைச் சாவியை உருவி, மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"பொல்லாத ஆளுய்யா நீ. வியாபாரத்துக்கு லாயக்குதான்."

"பத்தாம் நாள் எல்லார் முன்னாடியும் குடுக்கறதுக்கு வேற ஏதாவது சாவி வெச்சுக்கங்க மாமா."

 தியாங் இரண்டாவது கிண்ணத்தை நின்றபடியே குடித்து முடித்து, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு இருட்டில் மறைந்தார்.

ஏழு வருடக் கனவு உள்ளங்கையில் கனத்தது. கித்தி கிண்ணத்தின் அடியில் கிடந்த கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

"எங்க ரெண்டு பேருக்கும் நரகம் நிச்சயம் அக்கா. ஆனா இந்த மாதிரி பன்னிக்கறி என் ஆயுசுல தின்னதில்ல."

நுய் அடுப்பைக் குறைத்தாள். "பன்னியா? விரதம் முடியற வரைக்கும் என் வண்டியில சோயாவும் காளானுந்தான் தம்பி."

கித்தியின் வாய் பாதியில் நின்றது. "அப்ப... கொடி கட்டலையே?"

"கட்டினா உன்ன மாதிரி ஆளுங்க நெசக் கறியத் தேடிப் போயிடுவீங்களே."

அவள் சந்தின் கோடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து அவன் காதருகே வந்தாள்.

"உன் மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத, பதினோரு வருஷமா பன்னின்னு நம்பித்தான் தின்னுட்டிருக்காரு."