பின்னறை நாற்றம்

டெஸ்மண்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னறையிலிருந்து வெளியே வந்தான். பத்து பெரண்டாம் என்ற ஊரில் வாடகைக்கு இருந்த அவன் வீட்டைக் காலி செய்துவிட்டு, சாவியோடு ஹாலில் காத்திருந்தாள் இந்திராதேவி.

"சீ! என்னக்கா, வீட்ட இப்படியா வெச்சிருப்பீங்க? ஒரே மூத்திர நாத்தம், சுவரெல்லாம் எச்சில். டெபாசிட் திருப்பித் தர முடியாது."

"நானும் வீட்டுக்காரரும் டெட்டால் ஊத்திக் கழுவினோம் தம்பி. நாத்தம் முழுசா போகல."

"அது உங்க பிரச்சினைலா. நான் பெயிண்ட் அடிக்கணும், அந்தக் கட்டிலத் தூக்கிப் போடணும். பாக்கவே குமட்டுது."

இந்திராதேவி சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். பின் சீட்டில் தலையணையில் சாய்ந்திருந்த கிழவர், வாசல்வரை வந்த டெஸ்மண்டைப் பார்த்ததும் மெல்லக் கையை உயர்த்தினார்.

இந்திராதேவி அவன் பக்கம் திரும்பினாள்.

"வாடகையக் குறைச்சிக்கிறேன், படுக்கையில கெடக்குற அப்பாவப் பாத்துக்குங்கன்னு நீங்கதான் விட்டுட்டுப் போனீங்க. வந்ததும் சுவரப் பாத்தீங்க, கட்டிலப் பாத்தீங்க. அப்பா எங்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல."

அவனை அருவருப்போடு பார்த்தபடி அவள் கார்க் கதவைத் திறந்தாள்.

"டெபாசிட்ட நீங்களே வெச்சுக்குங்க. அப்பாவ நாங்க வெச்சுக்கிறோம்."